ஆச்சாரியாரும் கிராம வைத்தியமும்

சேலம் ஜில்லா என்று நம் பாட்டன்மார் அறிந்திருந்த நிலப்பரப்பு இன்று சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என்னும் நான்கு மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கின்றது. அந்த ஜில்லாவின் வடகோடியில் பிறந்து, நடுவே வக்கீல் தொழில் நடத்தி, தென்பகுதியில் ஒரு குடிசை அமைத்துக்கொண்டு ஏழை ஜனங்களிடையே வாழ்ந்த ஒருவருடைய சரித்திரத்தை இன்று நம் நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம். ஸ்ரீ சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியாரை அறியாத தமிழர் இலர். ஆனால் எவ்வாறு அறிந்திருக்கின்றனர்? சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வீற்றிருந்தார் என்பர் சிலர். ராமாயணமும் மகாபாரதமும் எழுதினார் என்பர் வேறு சிலர். 1937-இல் ஹிந்தியைப் பள்ளிகளில் புகுத்தினார், 1953-இல் அரைநாள் பள்ளித் திட்டம் கொணர்ந்தார் என்று இன்றளவும் கோபம் தணியாதார் பலர். அக்கோபத்தைத் தணிப்பது நமது நோக்கமன்று. அதற்கு நியாயம் இருந்ததென்றே நாமும் கருதுகின்றோம். நாம் சொல்ல வந்தது வேறு. ஏழையின் உடல் நலத்துக்கும் அவன் குடிக்கும் தண்ணீருக்கும், அவன் வாங்கும் கூலிக்கும், அவன் நிற்க அனுமதிக்கப்படும் வாசலுக்கும் உள்ள தொடர்பை ஆச்சாரியார் சேலம் நாட்டில் கண்டறிந்தார். அவர் கண்டதைச் சர்க்கார்கள் பாதி ஏற்றன, பாதி மறந்தன. மறந்த பாதி இன்று நமக்கு வேண்டியிருக்கின்றது.

1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் ஒரு கிராம முனிசீப்பின் புதல்வராக அவர் பிறந்தார். ஓசூரிலும் பெங்களூரிலும் படித்துச் சென்னையில் சட்டம் பயின்று, 1900-ஆம் ஆண்டு சேலத்தில் வக்கீலாக அமர்ந்தார். தொழில் செழித்தது. கொலை வழக்குகளில் அவர் செய்த குறுக்கு விசாரணையைப் பற்றி அந்தக் கோர்ட்டு வளாகத்தில் நெடுங்காலம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவருடைய தேகமோ சிறு வயது முதலே மெலிந்தது. இழைப்பு நோய் அவரை ஆயுள் முழுவதும் விடவில்லை. மூச்சுக்குத் திண்டாடுவது இன்னதென்று தம் உடம்பிலேயே அறிந்தவர் அவர். மனைவியை இளமையிலேயே இழந்து ஐந்து குழந்தைகளுடன் நின்றார். அக்குழந்தைகளுள் ஒருத்திக்கு நாமகிரி என்று பெயர். நாமக்கல் மலையடியில் எழுந்தருளியிருக்கும் தாயாரின் திருநாமம் அது என்பதை அவ்வூரார்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

1917 முதல் 1919 வரை அவர் சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். அக்காலத்தில் நகராட்சித் தலைமை என்றால் வெறும் மாலை மரியாதை அன்று. குடிதண்ணீர், சாக்கடை, அம்மை குத்துதல், நகர வைத்தியசாலை யாவும் அந்த மேஜைக்கே வந்து சேரும். உலகமெங்கும் கோடிக்கணக்கான உயிர்களை வாரிக்கொண்டு போன இன்புளூயன்சா ஜுரம் 1918-இல் நம் நாட்டிலும் பரவிய காலம் அது. ஒதுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஊழியர் ஒருவர் அக்கிரகாரத்துத் தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடும் வேலையில் அமர்த்தப்பட்டபோது வைதிகர் கிளர்ந்தெழுந்தனர். தலைவரும் அந்த வகுப்பில் பிறந்தவரே ஆயினும் இறங்கிக் கொடுக்கவில்லை. இதனைச் சமூக சீர்திருத்தக் கதையாக மட்டும் சொல்லி விடுவது வழக்கம். நாம் இதனைச் சுகாதாரக் கதையாகவும் கொள்கின்றோம். தண்ணீர் எவர் கையால் வருகிறது என்று பார்க்கும் ஊரில், எவர் தெருவுக்குத் தண்ணீர் வராது என்பதும் முன்கூட்டியே முடிவாகி விடுகின்றதல்லவா? காலராவும் பேதியும் அந்தத் தெருவைத்தான் முதலில் தேடிச் செல்லும்.

1920-இல் காந்தியடிகளின் ஒத்துழையாமைக் கட்டளையை ஏற்று அவர் வக்கீல் தொழிலை உதறினார். 1921 டிசம்பரில் சிறை சென்று வேலூரில் மூன்று மாதம் இருந்தார். இவை தேச சரித்திரத்தில் யாவரும் படித்தவை.

நமக்கு முக்கியமானது 1925. அவ்வாண்டு பிப்ரவரி 6-ஆம் தேதி, திருச்செங்கோட்டுக்கு அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கப்பட்டது. நிலம் தந்தவர் புதுப்பாளையம் ஜமீன்தார் ரத்தினசபாபதிக் கவுண்டர். திறந்து வைத்தவர் ஸ்ரீ ஈ. வே. ராமசாமி நாயக்கர். பிற்காலத்தில் எதிரெதிர் அணிகளில் நின்ற அவ்விருவரும் ஒரு கிராமத்து மண்ணில் ஒரே காரியத்துக்காக நின்ற காட்சியை இக்காலத்து இளைஞர் நினைவில் வைப்பது நன்று. நாற்பத்தாறு வயதில், பேர் பெற்ற வக்கீலாயிருந்தவர், தம் பிள்ளைகளுடன் அங்கே ஒரு சிறு குடிலில் குடியேறினார். காந்தியடிகள் அவ்வாண்டிலேயே வந்து பார்த்தார். 1934-இல் மறுபடியும் வந்தார்.

அந்தப் பூமி எத்தகையது? காவிரி அருகிலேயே ஓடினாலும் அதன் நீர் ஏறாத மேட்டு நிலம். வானம் பார்த்த சோளமும் கம்பும் நிலக்கடலையும் அன்றி வேறு கதி இல்லாதது. மழை இரண்டாண்டு பொய்த்தால் கூலி இல்லை. கூலி இல்லையேல் கஞ்சி இல்லை. ஆசிரமத்தார் ராட்டினம் கொடுத்தனர், பஞ்சு கொடுத்தனர், நூலை எடை போட்டு வாங்கிக் காசு கொடுத்தனர். அந்தச் சில அணாக்கள் வறட்சிக் காலத்தில் ஒரு குடும்பத்தின் அடுப்பை எரிய வைத்தன. அத்துடன் ஒரு வைத்தியசாலையும் நடத்தினர். கதருக்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம் என்று நகரத்து நண்பர்கள் கேட்கலாம். கிராம வைத்தியசாலை ஒன்றில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தவர் இக்கேள்வியைக் கேளார். அங்கே வருவன பெரும்பாலும் சிரங்கு, குளிர்ஜுரம், பேதி, கண் நோவு, ஆறாத புண், பிரசவத்துக்குப் பின் தேறாத சோகை. இவற்றில் பாதி பசியாலும் அழுக்கு நீராலும் வருபவை. மறு பாதி, ஆரம்பத்திலேயே அரை மைலுக்குள் ஒருவர் பார்த்திருந்தால் முற்றாதவை. பெரிய ஆஸ்பத்திரியும் பெரிய டாக்டரும் இவற்றுக்கு வேண்டுவதில்லை. பக்கத்தில் இருப்பவரும், நாளையும் இருப்பவரும் வேண்டும். ஆசிரமத்தில் ஒதுக்கப்பட்ட வகுப்பாரும் மற்றவரும் ஒன்றாக வாழ்ந்தனர். அதைக் கண்டு அக்கம்பக்கத்தார் முதலில் முகம் சுளித்தனர். ஆயினும் நோய் வந்தபோது மருந்து அங்கேதான் இருந்தது. சுளித்த முகங்கள் நாளடைவில் நேரானதற்குப் பிரசங்கங்களை விட அந்த மருந்தே அதிகம் செய்திருக்கும் என்பது நமது அபிப்பிராயம்.

இங்கே ஒரு நியாயம் சொல்லி விட வேண்டும். கிராமத்துக்கு டாக்டரைக் கொண்டு செல்லும் யோசனை காங்கிரஸாருக்கு மட்டும் உரியதன்று. பனகல் ராஜாவின் ஜஸ்டிஸ் மந்திரிசபை 1924-ஆம் ஆண்டளவில், கிராமத்தில் குடியிருந்து வைத்தியம் செய்ய இசையும் டாக்டர்களுக்குச் சர்க்கார் பணத்திலிருந்து ஆண்டுதோறும் உதவித் தொகை அளிக்கும் திட்டத்தைச் சென்னை மாகாணத்தில் தொடங்கிற்று. அரசியலில் நாம் அக்கட்சியாரோடு எவ்வளவு பிணங்கினாலும், அத்திட்டம் நல்ல திட்டம். சம்பளம் கொடுத்து உத்தரவு போட்டால் மட்டும் டாக்டர் கிராமத்துக்குப் போய் விடமாட்டார், போனாலும் தங்கமாட்டார். தங்குவதற்கு ஏதுவாகப் பொருளும் மதிப்பும் அவருக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதை அம்மந்திரிகள் உணர்ந்திருந்தனர்.

ஆசிரமத்திலிருந்து ஆச்சாரியார் கண்ட மற்றொரு நோய் கள். கூலி வாங்கிய ஆண்மகன் சந்தையிலிருந்து வீடு வருவதற்குள் அக்கூலி கள்ளுக்கடையில் இறங்கி விடும். மனைவி நூற்ற நூலின் காசையும் அது சில வேளை இழுத்துக்கொள்ளும். குழந்தை மெலிவதற்கு மருந்து எழுதிக் கொடுப்பதனால் பயன் என்ன? 1929-இல் ஆசிரமத்திலிருந்தே விமோசனம் என்னும் மதுவிலக்குப் பத்திரிகையை வெளியிட்டார். அதற்குத் துணையாசிரியராய் அங்கே வந்து தங்கிய இளைஞர்தாம் பின்னர் கல்கி என்று தமிழ்நாடு கொண்டாடியவர். (திருச்செங்கோட்டு வெயில் தமிழ் எழுத்துக்குச் செய்த உபகாரம் தனியே எழுதத் தக்கது, இங்கே இடமில்லை.)

1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகம், மீண்டும் சிறை. 1937 ஜூலையில் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். அதே ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி மதுவிலக்கு முதன்முதல் சேலம் ஜில்லாவில் அமலுக்கு வந்தது. ஏன் சேலம்? தம் கண்ணால் கண்ட ஜில்லா அது. மாகாண வருமானத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மதுவிலிருந்து வந்த காலத்தில் அதைத் துணிந்து விடுவதாயின், அதன் பலனை வீடு வீடாகச் சென்று அளந்து பார்க்கக் கூடிய இடமும் அதுவே. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் அவ்வாறே சென்று ஆராய்ந்தனர். 1938-இல் சித்தூர், கடப்பை ஜில்லாக்களுக்கும் 1939-இல் வட ஆர்க்காட்டுக்கும் அது நீண்டது. இழந்த வருமானத்தை ஈடு செய்ய 1939-இல் விற்பனை வரியைப் போட்டார். வர்த்தகர் கூச்சலிட்டனர். இன்று இந்தியா முழுதும் அரசாங்கங்கள் அந்த வரியின் வழித்தோன்றல்களைக் கொண்டே வாழ்கின்றன. எந்த நோக்கத்துக்காக அது பிறந்ததோ அதை மட்டும் நினைப்பாரில்லை.

அம்மந்திரிசபையில் சுகாதார மந்திரி டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன், வேதாரண்ய யாத்திரைக்குத் தோள் கொடுத்தவர், சீமையில் படித்த சிறந்த வைத்தியர். அவர் காலத்தில் நிறைவேறிய 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவில் அத்தகைய சட்டங்களுக்கு வழிகாட்டி. குடிநீர், சாக்கடை, கொசு, தொற்றுநோய், தாய்சேய் நலம் என்று ஒவ்வொன்றுக்கும் அதில் ஓர் அத்தியாயம் உண்டு. அதில் நம் மனத்தைக் கவர்ந்தது பணத்தைப் பற்றிய ஒரு பிரிவு. ஒவ்வொரு நகராட்சியும் தன் வருமானத்தில் நூற்றுக்கு 30 பங்குக்குக் குறையாமலும், ஜில்லா போர்டு முதலிய மற்ற ஸ்தல ஸ்தாபனங்கள் நூற்றுக்கு பன்னிரண்டரைப் பங்குக்குக் குறையாமலும் பொதுச் சுகாதாரத்துக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும் என்று அது விதித்தது. சட்டம் என்றால் இதுவன்றோ சட்டம்! நோக்கத்தை மாத்திரம் அழகாகச் சொல்லி விட்டுப் பணத்தைப் பற்றி வாய் திறவாத மசோதாக்கள் எத்தனை எத்தனை நாம் கண்டுவிட்டோம். ஜில்லா போர்டுகள் மறைந்து நெடுங்காலமாயிற்று. ஊராட்சிகளுக்கோ குழாய் பழுது பார்க்கவே காசு போதவில்லை. பன்னிரண்டரைப் பங்கு என்று ஒரு கணக்கு இருந்தது என்பதையாவது நம் சட்டசபை உறுப்பினர்கள் ஒருமுறை எடுத்துப் படிப்பார்களாக.

யுத்தம் மூண்டது, 1939 அக்டோபரில் மந்திரிசபை ராஜினாமாச் செய்தது, கவர்னர் ஆட்சியில் 1943-இல் மதுவிலக்கு எடுக்கப்பட்டது. 1946-இல் போர் கமிட்டியார் தங்கள் பெரும் அறிக்கையை வெளியிட்டு, முதற்கட்டமாக நாற்பதினாயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்றனர். 1948-இல் மாகாணம் முழுதும் மதுவிலக்கு வந்தது. ஆச்சாரியார் அப்போது தில்லியில் கவர்னர் ஜெனரல் மாளிகையில் இருந்தார். 1952-இல் சென்னைக்குத் திரும்பி முதன் மந்திரியாகி, 1954-இல் கல்வித் திட்டத்தின் எதிர்ப்பினால் விலகினார்.

அவருடைய சுகாதார வாழ்க்கையில் மிகவும் தர்க்கத்துக்கு இடமான அத்தியாயம் அதன் பிறகே வருகின்றது. 1955-இல், க்ஷயரோகத்துக்கு எதிராக மத்திய சர்க்கார் கோடிக்கணக்கான குழந்தைகளுக்குப் பி. சி. ஜி. ஊசி குத்தும் இயக்கத்தை நடத்தியபோது, எழுபத்தாறு வயதுக் கிழவர் தனியே நின்று அதனைக் கண்டித்து எழுதினார். பலன் உறுதிப்படாத ஒன்றை ஜனங்கள் அனைவர் மேலும் ஏற்றுவது தகாது, வீடும் உணவும் காற்றும் சரியாக்குவதே க்ஷயத்துக்கு முறை என்பது அவர் வாதம். இதில் அவர் முழுதும் சரி என்று நாம் கூறமாட்டோம். பச்சைக் குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் வகைக் க்ஷயத்தை அந்த ஊசி தடுக்கின்றது என்பது பிற்பாடு நன்கு நிலைநாட்டப்பட்டது. அவ்வளவு பெரிய மனிதர் ஊசியைக் கண்டு ஐயுற்றால் பாமரத் தாய் அஞ்சாதிருப்பாளா? ஆயினும் முழுதும் தவறு என்றும் சொல்வதற்கில்லை. செங்கற்பட்டு ஜில்லாவில் 1968-இல் தொடங்கிப் பல லட்சம் பேரிடம் நடத்திய பெரும் பரிசோதனையின் முடிவு 1979-இல் வெளியானபோது, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்று கண்டனர். உலகமே திடுக்கிட்டது.

இதனோடு சேர்த்து எண்ண வேண்டிய மற்றொரு சோதனை சென்னையிலேயே 1956-இல் தொடங்கிற்று. க்ஷயரோகிகளுள் ஒரு பகுதியாரைச் சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் தந்து வைத்துக்கொண்டனர். மறு பகுதியாரை அவரவர் நெருக்கமான வீடுகளிலேயே விட்டு மருந்து மட்டும் ஒழுங்காகக் கொடுத்தனர். 1959-இல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தவரும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்திருந்தனர். உணவே மருந்து என்ற ஆச்சாரியாரின் கட்சிக்கு இது ஒரு பலத்த அடி. ஆனால் புதுப்பாளையத்து வைத்தியசாலையின் கட்சிக்கு இதைவிட வலிய சாட்சி வேண்டுமோ? நோயாளியைப் பெரிய கட்டிடத்துக்கு இழுத்துச் செல்லாமல், மருந்து அவன் வாசலுக்குத் தவறாமல் செல்லுமாயின் ஏழையும் பிழைப்பான் என்று உலகத்துக்குக் காட்டிய ஊர் நம் சென்னை.

இனி இன்றைய நிலைமையைச் சிறிது நோக்குவோம். தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இந்நாட்டில் நல்ல பெயர் பெற்றவை. அதை மறைப்பது நன்றி கொன்றதாகும். சமவெளியில் முப்பதினாயிரம் பேருக்கும் மலைப்பகுதியில் இருபதினாயிரம் பேருக்கும் ஒரு நிலையம் என்பது இந்தியாவில் வகுத்த கணக்கு. ஆனால் தலையை எண்ணி வகுத்த இக்கணக்கு தூரத்தை எண்ணவில்லை. நாமக்கல் பக்கத்திலிருந்து கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். மலையுச்சியில் சிதறிய சிற்றூர்களிலிருந்து ஒரு கர்ப்பிணி இரவில் புறப்படுவதென்றால் எண்ணிக்கைப் பட்டியலில் அவளுக்கு என்ன உதவி? சேலத்தில் பெரிய மருத்துவக் கல்லூரி இருக்கின்றது. நாமக்கல்லுக்கும் 2022-இல் ஒன்று வந்துவிட்டது. வந்ததில் மகிழ்ச்சியே. ஆயினும் கல்லூரிக்குக் கல் நாட்டும் விழாவுக்கு வரும் மந்திரிகளில் எத்தனை பேர், மலையில் இரவு தங்கும் செவிலிக்குக் கதவு சரியாக மூடும் குடியிருப்பு உண்டா என்று விசாரித்தனர்?

கிராமத்திலும் மலையிலும் பணிபுரியும் அரசாங்க டாக்டர்களுக்கு மேற்படிப்பில் இடம் ஒதுக்குவது தமிழ்நாடு நெடுநாளாகக் கையாண்ட வழி. பனகல் ராஜா பணமாகக் கொடுத்ததை இது படிப்பாகக் கொடுக்கின்றது. அகில இந்திய விதிகளின் பேரால் அதற்கு ஊறு நேர்ந்தபோது வழக்கு நடந்து, 2020 ஆகஸ்டு 31-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சட்ட பெஞ்சு மாநிலங்களுக்கு அவ்வுரிமை உண்டென்று தீர்த்தது. வென்ற உரிமையைச் சமவெளியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நிலையத்துக்கும் மலையுச்சி நிலையத்துக்கும் ஒரே தராசில் பயன்படுத்தலாகாது என்பது நமது கோரிக்கை. கொல்லிமலை, ஏற்காடு, கல்வராயன், பச்சைமலை இவற்றில் ஆண்டுக்கணக்கில் தங்குவோர்க்கே முதலிடம் செல்ல வேண்டும்.

2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி சர்க்கார் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில், சர்க்கரை வியாதிக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டு சென்று தருகின்றனர். தொடங்கிய இடம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி. பழைய சேலம் ஜில்லாவின் அதே வடகோடி. தொரப்பள்ளி இருக்கும் அதே மாவட்டம். திட்டமிட்டவர்கள் ஆச்சாரியாரை எண்ணி அவ்வூரைத் தேர்ந்திருக்கமாட்டார்கள். அவர் அரசியல் வேறு, இவர்கள் அரசியல் வேறு. எனினும் புதுப்பாளையத்திலிருந்து சாமனப்பள்ளிக்கு ஒரு பாதை உண்டு என்பதை நாம் காண்கின்றோம். அப்பாதையில் ஒரு பள்ளமும் உண்டு. 2003 முதல் மதுவைச் சில்லறையாக விற்பதும் சர்க்காரே. ஒரே வீட்டுக்கு ஒரு கையால் மாத்திரையும் மறு கையால் புட்டியும் அனுப்பும் கஜானாவைப் பற்றி அந்தக் கிழவர் என்ன நினைத்திருப்பார் என்று ஊகிப்பது கடினமன்று.

அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1959-இல் சுதந்திராக் கட்சி. 1962-இல் அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தும்படி அமெரிக்க ஜனாதிபதி கென்னடியிடம் நேரில் வேண்டப் பயணம். 1971-இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கை எடுக்கப் போகின்றனர் என்று அறிந்தபோது அவருக்கு வயது தொண்ணூற்றிரண்டு. கொட்டும் மழையில் முதலமைச்சர் கருணாநிதியின் வீட்டுக்குச் சென்று வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். முதலமைச்சர் மரியாதையுடன் வரவேற்றார். தீர்மானத்தை மட்டும் மாற்றவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் கடைகள் திறந்தன. மறு ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் ஆச்சாரியார் காலமானார். தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீட்டைச் சர்க்கார் நினைவில்லமாகக் காத்து வருகின்றனர். அங்கே போகும் நண்பர்கள், அப்படியே தெற்கே புதுப்பாளையத்துக்கும் ஒருமுறை போய், அங்கிருந்து கொல்லிமலை ஏறி, அம்மலையின் நிலையங்களில் இரவு டாக்டர் தங்குகின்றாரா என்று விசாரித்து நமக்கு எழுதுவார்களாயின் அக்கடிதங்களை இப்பக்கத்திலேயே வெளியிடுவோம்.